கிளியைக் கிளி என்று கூப்பிடத் தடை

எங்கள் ஊரில் கிளி வளர்ப்பவர்கள் பெரும் குழப்பத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். இது அவர்களுக்கே தெரியாது. செல்லப்பறவைப் பதிவு அலுவலகம் சுவரில் அறிவிப்பு ஒட்டிய பிறகுதான் தெரியவந்தது.

"பச்சைக்கிளி, பெரிய கிளி, வெறும் கிளி என ஒரே பறவையைப் பலவிதமாகவும், பல பறவைகளை ஒரேவிதமாகவும் பொதுமக்கள் அழைப்பது கவலையுடன் கவனிக்கப்பட்டுள்ளது. இனி ஒவ்வொரு கிளியும் அதன் அறிவியல் பெயராலேயே அழைக்கப்பட வேண்டும். அழைத்ததும் திரும்பிப் பார்க்கப்பட வேண்டும். தவறினால் கிளி அலுவலகப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்படும்."

என் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் ஒரு கிளி இருந்தது. பெயர் சின்னு. அவருடைய ஒரே மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். போவதற்கு முன் அவள் "அம்மா, பசிக்குது" என்று கத்துவதைக் கேட்டுக் கேட்டு, கிளியும் அதே குரலில் கத்தக் கற்று வைத்திருந்தது. அந்தக் குரலைக் கேட்டால் தையல்காரரின் மனைவி அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு ஓடி வருவார். அப்புறம் கூண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போவார்.

தையல்காரர் கிளியைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். பெயர் அதிகாரி கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.

"சிட்டாக்குலா கிராமெரி."

"சார், இது சின்னு."

"அது நீங்களா வெச்சது. இதுதான் இதோட பேரு. இங்கிலீஷ்ல எழுதும்போது முன்னாடி ஒரு 'ப்' வரும். ஆனா சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதுன்னா அது எதுக்கு சார் இருக்கு?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இந்த ஆபீசுல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் இருக்காங்க. வேலை கிடையாது. ஆனா எடுத்துட்டா தப்பாயிடும்."

அன்றிலிருந்து தையல்காரரின் கடையில் மிஷின் சத்தம் குறைந்து பாடம் அதிகமானது. அளவு கொடுக்க வந்தவர்களும் கையைத் தூக்கி நின்றபடியே அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்கள். தையல்காரரின் மனைவிக்குத்தான் நாக்கு புரளவில்லை.

"ஏங்க, வாயில நூலு சிக்கின மாதிரி இருக்குங்க."

"கிளியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, பரவாயில்லையா?"

அதன் பிறகு அந்த அம்மாள் தோசைக்கல்லைத் தேய்த்தபடியே "சிட்டாக்குலா, சிட்டாக்குலா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கிளி திரும்பிப் பார்க்கிறதா என்று சோதிக்க அதிகாரி கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமி, "சிட்டுக்... சிட்டாலக்... கிரமாரி!" என்றார்.

கிளி மிளகாயைத் தின்றுகொண்டிருந்தது.

"திரும்பலையே!"

"நீங்க சரியாக் கூப்பிடலைங்க" என்றார் அந்த அம்மாள்.

"நான் உத்தரவுப்படி கூப்பிடுறேம்மா. உத்தரவுல உச்சரிப்பு இல்ல."

அவர் கூண்டைத் தூக்க ஆளைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் கூண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அதிகாரிக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார். அப்போது பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்: "சிட்டாக்குலா கிராமெரி!"

அதிகாரி சடாரென்று திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டது கிளி.

அதிகாரி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு தன் அறிக்கையில் எழுதினார்: "பெயர் அழைக்கப்பட்டது. திரும்பிப் பார்க்கப்பட்டது." எல்லாம் முறைப்படி இருந்தது. சான்றிதழ் தரப்பட்டது.

தையல்காரர் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். அதோடு தெருவுக்கே பெயர் ஜுரம் பிடித்தது. மருந்துக்கடைக்காரரும் பெரிய கிளி ஒன்றை வாங்கி வந்து, "எங்க வீட்ல யூபாட்ரியா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். வெறுமனே கிளி வைத்திருந்தவர்கள் கூண்டைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றினார்கள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், "பொண்ணு இருக்கட்டும், கிளிக்கு என்ன பேரு?" என்று கேட்டதாகக் கேள்வி.

ஒரே ஒரு குறை. கிளி இப்போது வேறு எதுவும் பேசுவதில்லை. பசித்தாலும் சிட்டாக்குலா, தண்ணீர் வேண்டுமென்றாலும் கிராமெரி. மகள் போனில் அழைத்து, "அம்மா, சின்னு என்னை மாதிரி கத்துதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அது இப்ப உன்னைவிட அதிகமாப் படிச்சிருச்சு" என்றார் தாயார். போனை வைத்துவிட்டு நெடுநேரம் கூண்டின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

திடீரென்று அலுவலகம் உத்தரவைத் திரும்பப் பெற்றது. இந்தப் பெயர்களை மாற்றலாமா என்று அறிஞர்களே யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம். ஆகவே அவரவர் கிளியை அவரவர் இஷ்டப்படி அழைக்கலாம்.

மறுநாள் அலுவலக வாசலில் பெருங்கூட்டம். நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அதிகாரி சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். முன்வரிசையில் தையல்காரர் நின்றிருந்தார்.

"உத்தரவைத் திருப்பிக் குடுங்க சார்!"

"நீங்கதானய்யா கஷ்டமா இருக்குன்னு சொன்னீங்க?"

"கஷ்டப்பட்டுப் படிச்சாச்சே! இனிமே எவன் வேணும்னாலும் கிளின்னு கூப்பிடலாம்னா, அவனுக்கும் எனக்கும் என்ன சார் வித்தியாசம்?"

பின்னாலிருந்த மனைவி அவர் சட்டையை இழுத்தார். "வந்துருங்க, நம்ம சின்னுவைப் பழையபடி பேச வைக்கலாம்."

"சும்மா இரு. மருந்துக்கடைக்காரன் பார்க்கிறான்."

மக்கள் கருத்தை மதிப்பது அலுவலகத்தின் மரபு. உத்தரவு மீண்டும் வந்தது. இந்த முறை நாய், பூனை, மீன்தொட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து. மேளம் அடிக்காத குறையாக எல்லோரும் கொண்டாடினார்கள். விடியும் முன்பே அலுவலக வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது.

நானும் அந்த வரிசையில் நின்றேன். என்னிடம் கிளி கிடையாது, நாயும் கிடையாது. முதலில் பெயரை வாங்கிவிடுவோம், பிராணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. எனக்கு முன்னால் நின்றவரிடம் இதைச் சொன்னேன். அவரும் அதற்குத்தான் வந்திருந்தார்.