ராகு காலமல்ல, பிளக் இடைவெளி

திருச்செங்கோடு,
செவ்வாய்க்கிழமை

மோகனூர் மாரியப்பன் அவர்களுக்கு, போர்வெல் ரிக் வண்டி சின்னுசாமி பணிந்த வணக்கத்துடன் எழுதுவது. சம்பந்தி என்று எழுதத்தான் கை போகிறது. உங்கள் வாயால் அந்தச் சொல் வரும்வரை பிடித்து வைத்திருக்கிறேன். இங்கு நானும் வீட்டுக்காரியும், மகள் இலக்கியாவும், மகன் சித்தார்த்தும் நலம். அங்கு தாங்களும், எங்கள் மாப்பிள்ளை ஆக வேண்டிய நந்தகுமாரும், வெள்ளிக்கிழமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய எருமையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நாலு நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வரவில்லை. அதனால்தான் கூரியரில் இந்தக் கடிதம்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, நல்ல நேரத்தில் வர வேண்டிய நாங்கள் ராகு காலத்தில் வந்ததும், வாசலில் எங்கள் கார் வேட்டு வெடித்ததும், எருமை மிரண்டதும் எல்லாம் சேர்ந்து அபசகுனம் என்று உங்கள் பெரியம்மா ஆராயி அம்மாள் சொல்லிவிட்டார்கள். இலை போட்டாயிற்று, உள்ளே சாம்பார் வாசனை வருகிறது, அவர்கள் வந்து, "ராவு காலத்துல கை நனைக்க வேண்டாமுங்க சாமி. பொறவு பாத்துக்கலாம்" என்றார்கள். பெண் வீட்டார் கை நனைத்தால்தான் சம்பந்தம் உறுதி. நனைக்காமல் திரும்பிவிட்டோம், இனி இந்தச் சம்பந்தம் நிற்குமா என்று இங்கே ஒருத்தருக்கும் சோறு இறங்கவில்லை. ஆகவே நான் பணிவுடன் தெரிவிப்பது என்னவென்றால், அது சகுனம் அல்ல, பிளக் இடைவெளி.

விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். அந்தச் சிவப்புக் கார் என் மகன் சித்தார்த்துடையது. டர்போ வைத்த, அதாவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றுகிற பெட்ரோல் வண்டி. பையன் சும்மா இருக்காமல், கம்பெனி கொடுத்ததைவிட டர்போக் காற்றை ஏற்றி வைத்திருக்கிறான். உங்கள் வீட்டுக்குப் போகிற வண்டி ஜம்மென்று போகட்டுமே என்று நான் யாரிடமும் சொல்லாமல் நாலு ஸ்பார்க் பிளக்கையும் மாற்றக் கிளம்பினேன். கடைக்காரர் சூட்டு பிளக் வேண்டுமா, குளிர் பிளக் வேண்டுமா என்று கேட்டார். நம்ம பக்கத்து வெயிலுக்கு யாராவது சூடு கேட்பார்களா, குளிரே கொடுங்கள் என்றேன். காற்று ஏற்றிய என்ஜினுக்கு அதுதான் சரியாம், பிளக் முனை பழுக்கக் காய்ந்து பெட்ரோல் முன்கூட்டியே பற்றிக்கொள்ளாதாம். தெரியாமல் செய்ததில் அது ஒன்றுதான் தேறியது.

அடுத்தது இடைவெளி. பிளக் முனையில் இரண்டு கம்பிக்கு நடுவே ஒரு சந்து இருக்கிறதல்லவா, அதில்தான் தீப்பொறி தாவுகிறது. எனக்கு முப்பது வருடம் ரிக் வண்டியிலேயே போயிற்று. அதெல்லாம் டீசல், அதில் பிளக்கே கிடையாது. ஆனால் கம்ப்ரசர் தெரியும். காற்று கூடினால் ஓஸ் குழாயும் பெரிசாக வேண்டும், இல்லாவிட்டால் பிய்த்துக்கொண்டு போகும். அதே கணக்கில், காற்று ஏற்றிய என்ஜினுக்குச் சந்தும் பெரிசாக இருக்கட்டும், பெரிய சந்தில் பெரிய பொறி என்று முடிவு செய்து, அளவு பார்க்கும் தகடு இல்லாததால் ஒரு காதுகுத்துப் பத்திரிகையை மூன்றாக மடித்து உள்ளே நுழைகிற அளவுக்குக் கம்பியை நெம்பிவிட்டேன். வாசலில் ஸ்டார்ட் செய்தால் பூனை மாதிரி உறுமியது. எனக்கு அவ்வளவு பெருமை.

நாமக்கல் தாண்டி ஒரு முட்டை லாரியை முந்தலாம் என்று மிதித்தேன். டர்போ காற்று ஏறியதும் படபடவென்று வெடித்து, இழுவை செத்துப்போயிற்று. காலை எடுத்தால் சரியாகிவிடுகிறது, மிதித்தால் வெடிக்கிறது. முப்பதிலேயே உருட்டினேன். மோகனூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்காரர் எங்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். உங்கள் வாசல் மேட்டில் ஏற வேறு வழியில்லாமல் மிதித்தபோது போட்டதுதான் அந்தக் கடைசி வேட்டு. மறுநாள் சித்தார்த் பிளக்கைக் கழற்றித் தகடு விட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். காற்று அழுத்தம் கூடக் கூடப் பொறி தாவுவது கஷ்டமாம், சந்தைக் குறைத்தால்தான் தாவுமாம். புள்ளி ஐந்து ஐந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் நான் ஒன்றுக்கு மேல் திறந்து வைத்திருக்கிறேன். ஆக, தப்பு என்னுடையது. ராகுவுக்கு இதில் பங்கில்லை.

எங்கள் இலக்கியாவைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். கோயமுத்தூரில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாள். அடக்கமான பிள்ளை. பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. என் கைக்கோளாறுக்கு அவள் வாழ்க்கையைத் தள்ளிப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆராயி அம்மாளுக்கு என் கும்பிடு. வீட்டில் சிறியவர்களுக்கு ஆசி, எருமைக்கு மன்னிப்பு.

தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
சின்னுசாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது இலக்கியா வாங்கிப் படித்துவிட்டாள். "பொய் சொல்லிக் கட்டிக் குடுக்காதீங்கப்பா. காரு என்னுதுன்னு எழுதுங்க. அதுக்கு ஒத்து வாரவங்க வந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள். ஆகவே மேலே சித்தார்த் என்று வரும் இடத்திலெல்லாம், முதல் பத்தி தவிர, இலக்கியா என்று படித்துக்கொள்ளவும். சித்தார்த்துக்குச் சைக்கிளுக்குக்கூடக் காற்றடிக்கத் தெரியாது. அவள் கம்ப்யூட்டர் பார்ப்பது உண்மைதான். அந்தக் கம்ப்யூட்டரின் வயர் கார் என்ஜினில் செருகியிருக்கும், டர்போக் காற்றை ஏற்றுவதும் இறக்குவதும்தான் அவள் உத்தியோகம். இதை மறைத்தது எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. அவளை நினைத்தால் அவ்வளவு பெருமையாகவும் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் வருகிறோம், நல்ல நேரம் பார்த்தாயிற்று. ஓட்டி வருவது அவள்தான். கல்யாணத்துக்கு முன் பெண் உங்கள் வாசலை மிதிக்கக் கூடாது என்றால் காரிலேயே உட்கார்ந்திருப்பாளாம், என்ஜினை அணைக்காமல். நீங்கள் இலை போட்டால் அணைப்பாள்.