ஆள் இல்லாத இரண்டு ஐஸ் பெட்டிகள்

தன் தொழில் படுத்துப்போக வேண்டும் என்று கோயிலில் கற்பூரம் ஏற்றிய வியாபாரி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ராயபுரத்துப் பொட்டி நைனா. சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுவது அவர் தொழில். பழசு ஒன்று, புதுசு ஒன்று, இரண்டையும் ஏற்றி மிதித்துப் போக மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று. அவருக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். அதைக் கேட்கிற அளவுக்கு நெருங்கிப் பழக ஆட்கள் பயந்தார்கள்.

தெருவில் எங்கே சத்தம் கேட்டாலும் அந்த வண்டி வந்துவிடும். குழாயடிச் சண்டையோ, குடித்துவிட்டுச் சட்டையைப் பிடிக்கிற சண்டையோ, நேராக நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார். மடியிலிருந்து தையல்காரர் டேப்பை எடுப்பார். யார் அதிகமாகத் துள்ளுகிறானோ அவனை உச்சந்தலையிலிருந்து அளக்க ஆரம்பிப்பார்.

"யோவ் நைனா, இன்னாய்யா பண்ற?"

"நீ கண்டுக்காத ராஜா, பேசிக்கினே இரு. உன் ஒயரத்துக்குப் புதுப் பொட்டிதான் செட்டாவும். பழசுல காலு இடிக்கும். அது சரி, வூட்டு வாசலாண்ட பிளக் பாயிண்டு கீதா?"

பிளக் பாயிண்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் எப்பேர்ப்பட்ட வீரனும் பிடித்த சட்டையை விட்டுவிடுவான். ஒருமுறை ஒருத்தன் ஓங்கிய செங்கல்லை மெதுவாகக் கீழே வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

நான் பங்சர் கடைக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து முழுநேரமாகக் கவலைப்பட்டு வருகிறேன். காற்று அதிகமாக அடித்தால் டயர் வெடிக்குமோ, குறைவாக அடித்தால் திட்டுவார்களோ என்று பம்பைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு வியர்க்கும். அப்படிப்பட்ட என்னைத்தான் நைனா பிடித்தார்.

அவருக்கு உள்ளூர்ச் சண்டை போதாது. டீக்கடை டிவியில் எந்த நாட்டில் குண்டு விழுவதைக் காட்டினாலும் டீயைப் பாதியில் வைத்துவிடுவார். ஒருநாள் வண்டிக்குக் காற்றடிக்க வந்தவர் கேட்டார்:

"இந்தாண்ட பாரு பங்சரு. ஒரு ஆளு பூட்டா இன்னா வோணும்? ஒரு பொட்டி, ஒரு மாலை, குந்தி அழ நாலு பேரு. இல்லாதவன் வூட்டுக்கு நான் சும்மாவே எறக்குறேன். அங்க குண்டு போட்டுக்கினே கீறான், அந்த ஜனத்துக்கு எவன் எறக்குவான்?"

பம்பைக் கீழே வைத்தேன். மறுநாள் காலை அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நான் போர் எதிர்ப்பில் இறங்கிய வரலாறு அவ்வளவுதான்.

கல்மண்டபத்திலிருந்து திருவொற்றியூர் வரை ஊர்வலம். வண்டியில் காலிப் பெட்டி, அதன் மேல் ஓர் அட்டை: 'இது காலி. காலியாகவே இருக்கட்டும். போர் வேண்டாம்.' ஊர்வலத்தில் நாங்கள் இரண்டே பேர். அவர் மிதிப்பார். நான் தள்ளுவேன், தள்ளிக்கொண்டே போலீஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்ப்பேன். அட்டையை ஒருவரும் படிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஐஸ் பெட்டியைப் பார்த்தால் கால் தானாகச் செருப்பை விட்டுவிடும். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற டிரெய்லர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டன. ஒரு மீன்கார அம்மா தலையிலிருந்த பூவைக் கிள்ளித் தூவிவிட்டுக் கேட்டார்:

"யாரு கண்ணு பூட்டாங்க?"

"யாரும் பூடக் கூடாதுன்னுதாம்மா போய்க்கினு கீறோம்" என்றார் நைனா.

அந்த அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தூவிய பூவைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்கே போர் வந்தது. என் கடை இரண்டு தெருக்கள் சந்திக்கிற முனையில் இருக்கிறது. லாரி ஷெட் தெரு கேரம் கிளப்புக்கு என் தம்பி சேகர் தலைவன். வலைக்காரத் தெரு கிளப்புக்கு என் மனைவி கலாவின் தம்பி டில்லி தலைவன். ஒரு போட்டியில் டில்லி சிவப்புக் காயைப் போட்டான். சிவப்பு செல்லுபடியாக அடுத்து ஒரு காயும் விழ வேண்டும். அந்தக் காய் நேர்மையாக விழுந்ததா, விரல் பட்டு விழுந்ததா என்பதுதான் பிரச்சினை. ஒரு பைக் உடைந்தது. பிறகு ஒரு மண்டை உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை ரயில்வே லைன் ஓரம் கத்தியோடு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

ஒருவன் சுடுகாட்டுக்கு, மற்றவன் புழல் ஜெயிலுக்கு. எவன் எங்கே போனாலும் இழவு எங்களுக்கு. இரண்டு பேரும் போனை அணைத்துவிட்டு எங்கேயோ பதுங்கியிருந்தார்கள். கலா சோற்றில் கை வைக்கவில்லை.

"நான் எந்த வூட்டுக்குப் போய் அழுவட்டும்? நீயே சொல்லு" என்றாள்.

நைனாவிடம் ஓடினேன். அவர் டேப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடியில் வைத்தார்.

"இதுக்கு டேப்பு ஆவாதுடா. காலைல ரெண்டு வூட்டு வாசல்லயும் ஆளுக்கொரு பொட்டி எறக்குவோம். ஆத்தாக்காரிங்க கண்ணுல படட்டும். அவங்க பாத்துப்பாங்க."

ஞாயிறு காலை இறக்கினோம். பெட்டிகளைக் காட்டி நைனா நல்ல வார்த்தை நாலு சொல்வதாகத் திட்டம். ஆனால் ஒன்றை மறந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் வாசலில் ஐஸ் பெட்டி இறங்கினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்; நேராக அழுகைதான். ஒயரைப் பிரிப்பதற்குள் என் அம்மா என்னையே கட்டிக்கொண்டு, "சேகரு, என்ன வுட்டுட்டுப் பூட்டியே" என்று கதறினாள். வலைக்காரத் தெருவில் டில்லியின் அம்மாவும் அப்படியே. ஷாமியானா வந்தது. நாற்காலி வந்தது. மேளம் வந்தது, வெடி வந்தது. சடையங்குப்பத்து அத்தைகள் ஷேர் ஆட்டோவில் ஒப்பாரியோடு இறங்கினார்கள். பெட்டி காலியாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, பத்துப் பேர் பதில் சொன்னார்கள்: "ஆஸ்பத்திரிலேர்ந்து இன்னும் குடுக்கலையாம்."

நைனா வாயைத் திறந்து திறந்து மூடினார். மேளத்தில் யாருக்குக் கேட்கும்?

செய்தி பதுங்கிய இடங்களுக்கும் போய்விட்டது. டில்லி வாசலில் பெட்டி என்று சேகருக்கு. சேகர் வாசலில் பெட்டி என்று டில்லிக்கு. தன் வாசலிலும் ஒன்று இறங்கியிருப்பது இரண்டு பேருக்கும் தெரியாது. எதிரியானாலும் சாவுக்கு மாலையோடு போய்த்தான் ஆக வேண்டும். போகாதவனுக்கு எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள். இந்தப் பக்கமிருந்து சேகர் மாலையோடு வந்தான். அந்தப் பக்கமிருந்து டில்லி மாலையோடு வந்தான். என் கடை வாசலில் நேருக்கு நேர் நின்றார்கள். இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது.

"டேய்... நீ பூட்டேன்னாங்க?" என்றான் சேகர்.

"நீதான்டா பூட்டேன்னாங்க!"

"அப்ப அந்த மாலை எனக்கா?"

"பின்ன? சம்பங்கிடா. சாமந்தின்னா உனக்குத் தும்மலு வரும்னு நாலு கடை தேடி வாங்கிக்கினு வரேன்."

அவ்வளவுதான். சேகர் ஓவென்று அழுதபடி அவனைக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தான். இரண்டு பேர் இடுப்பிலும் கத்தி. கட்டிப்பிடிக்கும்போது குத்திக்கொண்டு இரண்டும் போய்விடுமோ என்று நான் நடுவில் புகுந்தேன்.

"டேய்! மொதல்ல அத்த எடுத்துப் போடுங்கடா!" என்று கத்தினேன். நான் வாழ்க்கையில் போட்ட முதல் அதட்டல். பங்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியில் கத்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

அதற்குள் இரண்டு அம்மாக்களும் துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள். "உசுரோடவா கீற? நில்லு, நானே கொல்றேன்!" மகன்களை விளாசி முடித்து நைனா பக்கம் திரும்பினார்கள். "யோவ், காலிப் பொட்டிய வெச்சி ஏன்யா எங்க வயித்துல நெருப்பக் கொட்டின?"

"இன்னிக்குக் காலிப் பொட்டிதாம்மா" என்றார் நைனா.

மேளம்கூட நின்றுவிட்டது. முதலில் கலா அழுதாள். பிறகு அத்தைகள், இந்த முறை நிஜமாகவே.

நைனா விடுவாரா? வண்டி மேல் ஏறி நின்றார். "சாவுக்கு வாங்கின மாலைய யாரும் வூட்டுக்கு எத்துகினு போவக் கூடாது. மோளம் கீது, வெடி கீது, ஜனம் கீது. செத்தது யாரு? சண்டை செத்துச்சி! வாங்க, எடுத்துடலாம்!"

இரண்டு காலிப் பெட்டிகளுக்கும் மாலைகள் விழுந்தன. சேகரும் டில்லியும் வண்டியைத் தள்ளினார்கள். இரண்டு தெருவும் மேளத்தோடு ஆடிக்கொண்டே பின்னால் வந்தது. பெட்டி மேல் திரும்ப வைத்த அட்டையை இப்போது எல்லோரும் படித்தார்கள்; டிரெய்லர்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். "யாருப்பா?" என்று கேட்டவர்களுக்குச் சடையங்குப்பத்து அத்தைகள் தொண்டை கிழியப் பதில் சொன்னார்கள்: "சண்டை பூட்ச்சி! போரு வோணாம்!" போலீஸ் முன்னால் நடந்து வழி ஒதுக்கியது. காசிமேட்டுக் கடலில் மாலைகளை வீசியபோது நைனா சிரித்த சிரிப்பை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

இப்போதும் எங்கே குண்டு விழுந்தாலும் ஊர்வலம் உண்டு. இரண்டு கேரம் கிளப்பும் சேர்ந்தே வருகின்றன. நைனாவுக்குத்தான் வயதாகிவிட்டது. தனியாள். காலையில் அவர் கதவு திறக்கக் கொஞ்சம் தாமதமானாலும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தட்டுகிறேன். உள்ளிருந்து, "எவன்டா அது பேஜாரு?" என்று அவர் திட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு டீ இறங்குகிறது.