கங்கப்பனின் சுத்த ரத்தம்

"நான் மத்தூருக்குப் போகமாட்டேன்" என்றாள் ரங்கம்மா. அவள் புருஷன் கங்கப்பன் அவளைத் தாய்வீட்டுக்கே அனுப்பிவிட அவளுடைய சேலைகளை மூட்டையாகக் கட்டி வாசலில் வைப்பதும், அவள் அதை அவிழ்த்து மறுபடி கொடியில் போடுவதுமாக அன்றைய காலை போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் ஓசூரில் புதிதாகத் திறந்த பிரசவ விடுதியால் வந்த வினை. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இதையாவது கையில் ஏந்த வேண்டும் என்று, மாமியார் வெங்கடம்மா தடுத்தும் கேளாமல், ரங்கம்மா அங்கே போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். நேற்று நர்சம்மா அவர்கள் ஊரான மூக்கண்டப்பள்ளிக்கே வந்து, ரத்தத்தில் மேகம் இருக்கிறது என்றாள்.

வெங்கடம்மா வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

அது மழை மேகம் இல்லை, புருஷன் பெண்டாட்டிக்குள் ஒட்டிக்கொள்ளும் மேகநோய் என்று நர்சம்மா விளக்கினாள். ஊசி போட்டால் குழந்தை தப்பிக்கும். ஆனால் புருஷனும் ரத்தம் கொடுத்து, நோய் இருந்தால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது திரும்பவும் அவளுக்கே வந்து சேரும்.

மருமகளின் ரத்தம்தான் கெட்டது என்று வெங்கடம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மைசூர் எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குக் காய்கறி வண்டி ஓட்டிப் போகும் மகன், காய் விற்றுத் தீர்ந்த பிறகும் அங்கேயே தங்கிவிட்டு வருவது அவளுக்கு நினைவே வரவில்லை. ஆண்பிள்ளை ரத்தத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

ரங்கம்மா சந்தேகப்பட்டாள். வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி சொன்னாள்:

"உங்களைத் தவிர வேற ஆம்பளையை அறியாதவ நான். நீங்களும் ரத்தம் குடுங்க. உங்களுது சுத்தம்னா நானே மூட்டையைத் தூக்கிட்டு நடந்து போறேன். இல்லேன்னா ஊசி போட்டுக்கணும்."

தெரு கேட்டுவிட்டதால் கங்கப்பனுக்கு வீறாப்பு வந்தது. "குடுக்கறேன். நர்சம்மா இங்கயே வந்து எல்லார் முன்னாலயும் சொல்லட்டும்."

சொன்ன பிறகுதான் ஊசி நினைவுக்கு வந்தது. காலில் முள் எடுத்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவன் அவன். போதாததற்குப் பெங்களூர்ச் சங்கதி அவனுக்குத்தானே தெரியும்.

வண்டியில் கூட வரும் திம்மப்பனைப் பிடித்தான். பஜனைமடத்தைத் தவிர வேறெங்கும் போகாத பிள்ளை; அவன் ரத்தத்தில் துளசி வாசம்தான் வரும். என் பேரைச் சொல்லி உன் கையை நீட்டு என்று கெஞ்சினான். திம்மப்பன் முதலில் மழுப்பினான். மறுநாள் அவனாகவே வந்து சரி என்றான்.

விடுதியில் திம்மப்பன் உள்ளே போக, கங்கப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். கம்பவுண்டர் வந்தார். பெங்களூர் போய் வருகிற வண்டிக்காரர்களுக்குக் காலரா ஊசி கட்டாயம் என்று கையைப் பிடித்தார். காலராதானே என்று கங்கப்பன் நிம்மதியாகக் கண்ணை இறுக மூடிக் கையைக் கொடுத்தான். கொஞ்சம் நேரம் பிடித்தது. கண்ணைத் திறந்தபோது, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு திம்மப்பன் எதிரே நின்றான்.

முடிவு சொல்ல நர்சம்மா வந்த அன்று, கங்கப்பன் புதுத் துண்டு போட்டுக்கொண்டு தெருவையே கூட்டி வைத்திருந்தான்.

"கங்கப்பன் ரத்தத்துலயும் மேகம் இருக்குது" என்றாள் நர்சம்மா. "பொண்டாட்டியைவிட அதிகமாவே இருக்குது."

வெங்கடம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். தெரு சிரித்தது. மானம் கப்பலேறியதில் கங்கப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. திம்மப்பனை இழுத்து முன்னே தள்ளினான்.

"அது என் ரத்தமே இல்ல. இவனுது. எனக்குப் பதிலா இவனைத்தான் அனுப்பினேன்."

தெரு முழுக்கத் திம்மப்பன் பக்கம் திரும்பியது. ரங்கம்மா மட்டும் கங்கப்பன் மறுபடி கட்டி வைத்த மூட்டையின்மேல் காலை நீட்டி உட்கார்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

திம்மப்பன் தலையைச் சொறிந்தான்.

"எனக்கு எங்கேண்ணா குத்துனாங்க? பஞ்சு மட்டுந்தான் குடுத்தாங்க. காலரா ஊசின்னு சொல்லி உங்க கையிலதான் ரத்தம் எடுத்தாங்க, அண்ணி சொல்லி வெச்சபடி."