கணுக்கால் திருத்தப் படலம்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் தப்பில்லை. நான் சொல்லப்போவது காலின் பெருமையைத்தான். சக்கரத்தை யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தான். அதை மிதிக்கும்போது குதிகால் எங்கே இருக்கவேண்டும் என்று கண்டுபிடித்த புகழோ ஒரே ஓர் அலுவலகத்தைச் சேர்ந்தது. அது மருந்து பட்டுவாடா அலுவலகம்.

எழுந்து நடக்கமுடியாத நோயாளிகளின் வீட்டுக்குச் சைக்கிளில் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பது அதன் திருப்பணி. அங்கே வேலை பார்த்த ஒருவருடைய மனைவி, வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தாள். மாமியாருக்கு மூச்சிழுப்பு. அந்த மருந்தும் அந்த அலுவலகத்திலிருந்துதான் வரவேண்டும். மகன் தானே என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட முடியாது. சைக்கிளில் வந்தால் பட்டுவாடா, பையில் வந்தால் திருட்டு. விதி அப்படி.

மருந்துகள் தாமதமாகின்றன என்று புகார் வந்தது. மேலாளர் உடனே கூட்டம் போட்டார். அங்கே நடந்ததை அன்று மாலை புருஷன் பயபக்தியோடு சொல்ல, தையல்காரி பொத்தான் தைத்தபடியே கேட்டாள்.

"செயினெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு சார்னு ஒருத்தர் சொன்னாரு. மேலாளர் முகம் வாடிப்போச்சு. வாயில்லாத பொருள் மேல பழி போடலாமான்னு கேட்டாரு."

"சரி, பழி யார் மேல?"

"கணுக்கால் மேல."

இதற்கென்றே ஓர் ஆலோசகர் காரில் வந்திறங்கியிருந்தார். அவர் அருளியது இதுதான்: பாதத்தின் நடுவால் மிதிப்பவன் காட்டுமிராண்டி. பெருவிரலுக்குப் பின்னாலிருக்கும் மேடுதான் பெடலில் பதியவேண்டும். பெடல் உச்சிக்கு வரும்போது குதிகால் தாழவேண்டும். அடிக்குப் போனதும், செருப்பில் ஒட்டிய சேற்றை வாசற்படியில் வழிப்பதுபோல் பாதத்தைப் பின்னால் இழுக்கவேண்டும். மாதக் கடைசியில் தேர்வு. தேறாதவருக்கு வேலை இல்லை.

"எனக்குக் குதிகால் தாழவே மாட்டேங்குதும்மா," என்றார் புருஷன்.

கட்டிலிலிருந்து மாமியார் மூச்சுக்கு நடுவே சொன்னாள்: "பொறந்தப்பவே... ஒழுங்கா... உதைக்கத் தெரியாது இவனுக்கு."

தையல்காரியின் பார்வை மருந்துப் பாட்டிலுக்குப் போனது. அடியில் ஒரு விரற்கடைதான் மிச்சம். பிறகு தன் மிஷினின் மிதிபலகையைப் பார்த்தாள். குதி, நுனி, குதி, நுனி.

"ஏங்க, இங்க வந்து உட்காருங்க. சும்மா மிதிக்கவேணாம். நான் துணியைத் தள்ளுறேன்."

அன்றிலிருந்து சாயங்காலமானால் அவர் மிதித்தார், அவள் தைத்தாள். முதலில் தைத்த சட்டைக்கு இரண்டு கையும் ஒரே பக்கம் வந்தது. போகப்போகத் தையல் நேரானது, கணுக்காலும் நேரானது.

"கல்யாணமான நாள்லேர்ந்து... உனக்கு அவன் செஞ்ச ஒத்தாசை... இது ஒண்ணுதான்மா," என்றாள் மாமியார்.

தேர்வில் புருஷன்தான் முதல். "முதன்மைக் கணுக்கால்" என்ற பட்டத்தோடு வீடு திரும்பினார்.

"மருந்து எங்கங்க?"

"நாளைக்குக் கிளம்பிடும்."

நாளையும் வந்தது, பாட்டிலும் காலியானது. மத்தியானம் மாமியாரின் நெஞ்சு துருத்திபோல் ஏறி இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரியைத் துணைக்கு வைத்துவிட்டு, தையல்காரி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடினாள்.

அலுவலகக் கூடத்தில் அவள் கண்ட காட்சி தெய்வீகமானது. சைக்கிள்கள் வரிசையாக ஸ்டாண்டில் நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒருவர், வெள்ளைக் காலுறை போட்டு, ஒரே தாளத்தில் மிதித்துக்கொண்டிருந்தார். ஒரு சக்கரமும் சுற்றவில்லை. செயின் மசகு ஒட்டிக் காலுறை அழுக்காகிறது என்று ஆலோசகர் எல்லாச் செயினையும் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டார். கேரியர்களில் மருந்துப் பொட்டலங்கள். முன்வரிசையில் புருஷன்.

"ஏங்க, அத்தைக்கு மூச்சு முட்டுது. மருந்து எங்க?"

"பின்னால கேரியர்லதான். நம்ம வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன்."

"எங்க வந்துக்கிட்டிருக்கீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். "திருப்பம் தாண்டியிருப்பேன்."

"இறங்குங்க."

"பாதி வழியில எப்படிம்மா இறங்குறது?"

அவள் கேரியர் கயிற்றை அவிழ்த்தாள். ஆலோசகர் பதறி ஓடிவந்தார். "ஓடுற வண்டிக்குக் குறுக்க வராதீங்கம்மா, ஆபத்து."

அவள் பொட்டலத்தோடு வாசலைத் தாண்டியபோது, பின்னாலிருந்து ஆலோசகரின் குரல் வருத்தத்துடன் கேட்டது: "நடையைப் பாருங்க. கணுக்கால் உள்பக்கமா சாயுது."

சாய்ந்த கணுக்கால் வீடு வந்து சேர்ந்தது. மருந்து உள்ளே போனது. நெடுநேரம் கழித்து மாமியாருக்கு மூச்சு சமனப்பட்டது.

"அவன் எங்கம்மா?"

"வந்துக்கிட்டிருக்காரு அத்தை."

அடுத்த கூட்டத்தில் மேலாளர் கண்கலங்கி அறிவித்தார்: சீர்திருத்தத்துக்குப் பின் ஒரு மருந்து உரிய நேரத்தில் ஒரு வீட்டை அடைந்திருக்கிறது. அந்தச் சாதனை முதன்மைக் கணுக்காலையே சாரும். எல்லோரும் கைதட்டினார்கள். கை தட்டும்போதும் ஒருவரும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு சீராக ஓடட்டும். தப்பித்தவறி யாராவது படுத்துவிட்டாலும் கவலை வேண்டாம். உங்கள் மருந்து எப்போதோ கிளம்பிவிட்டது, அப்பழுக்கில்லாத கணுக்கால்களோடு. அது வந்துகொண்டிருக்கும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டு ஓட உங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கட்டும். அவள் நன்றாக இருக்கட்டும்.