டச்டவுனுக்கு ஐந்து புள்ளி

விண்ணப்பப் படிவத்தில் ‘பொழுதுபோக்கு’ என்ற கட்டத்தை வெறுமையாக விடுகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை.

எண்பதுகளின் கடைசி. லண்டனில், மிச்சம் என்ற ஊர்ப்பகுதியில் அக்கா வீட்டில் இருந்தேன். அமெரிக்கக் கம்பனி ஒன்றில் தட்டச்சு வேலைக்கு விண்ணப்பித்தபோது அக்காவின் கணவர், என் அத்தான், யோசனை சொன்னார். “உதைபந்தாட்டம் எண்டு எழுதிவிடும். இந்த நாட்டில அதுக்கு மயங்காத ஆக்கள் இல்லை.”

எழுதினேன். வேலை கிடைத்தது. (மூன்று மாதம் பார்த்துத்தான் நிரந்தரம்.)

இரண்டாவது மாதம் மனேஜர் என் மேசைக்கு வந்தார். வாசலில் குனிந்து நுழைகிற உயரம்.

“உங்களுக்கு ஃபுட்போல் பிடிக்குமாமே! சனிக்கிழமை எங்கள் பிரிவுக்கும் விற்பனைப் பிரிவுக்கும் ஆட்டம், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் அமெரிக்க ஆட்டம். புள்ளி எழுதுவது நீங்கள்தான்.”

அமெரிக்கர்களின் ஃபுட்போல் உதைபந்தாட்டம் இல்லை என்று அன்றுதான் அறிந்தேன். “ஓகே சேர்” என்று வாய் சொல்லிவிட்டது. பொய் பிடிபட்டால் வேலை போகும். வேலை போனால் விசா நீட்டக் கடிதம் தர ஆளில்லை.

நூலகத்துக்கு ஓடினேன். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரே ஒரு புத்தகம், அதுவும் அட்டை கழன்றது. பஸ்ஸில் போகவர மனப்பாடம் செய்தேன். பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டினால் ‘டச்டவுன்’, ஐந்து புள்ளி. அதையடுத்துக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒன்று. டச்டவுன் இல்லாமல் ஆட்டத்தின் நடுவே உதைத்துக் கோல் போட்டால் நான்கு. பந்தோடு தன் கோட்டுக்குப் பின்னால் மடக்கப்பட்டால் எதிரணிக்கு இரண்டு. (பரீட்சைக்குக்கூட இப்படிப் படித்ததில்லை.)

சனிக்கிழமை, ரக்பிக் கம்பங்கள் நட்ட பூங்கா, தூறல். புள்ளி எழுதும் கொப்பியோடு ஓரத்தில் நின்றேன். அந்த மலை போன்ற ஆட்கள் என் பக்கம் உருண்டு வந்தபோதெல்லாம் மரத்துக்குப் பின்னால் ஓடினேன். எங்கள் பிரிவு இரண்டு டச்டவுன், இரண்டுக்கும் உதையும் சரி. விற்பனைப் பிரிவின் ஒல்லியான ஒருவர் மூன்று கோல் உதைத்தார். கடைசியில் மனேஜரே தன் கோட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். முகமெல்லாம் சேற்றோடு எழுந்து என்னைப் பார்த்தார். அவர் பார்க்கவே எதிரணிக்கு அந்த இரண்டை எழுதினேன்.

ஆட்டம் முடிந்து எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“விற்பனைப் பிரிவு பதினான்கு. எங்கள் பிரிவு பன்னிரண்டு” என்றேன்.

விற்பனைப் பிரிவு முதலில் திகைத்தது, பிறகு கூச்சலிட்டது. மனேஜர் கொப்பியைப் பறித்தார். “டச்டவுனுக்கு ஆறு! கோலுக்கு மூன்றுதான்! நாங்கள் பதினான்கு, அவர்கள் பதினொன்று. ஐந்து, நான்கு எல்லாம் எங்கே பிடித்தீர்கள்?”

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அவர் முதற்பக்கத்தைப் புரட்டிய நேரத்துக்குள் என் மனம் விமான நிலையத்தில் வரிசையில் நின்றுவிட்டது.

“இது எண்பது வருடப் பழசு!” ஈரப் புல்லில் உட்கார்ந்து சிரித்தார். ஆதியில் உதைக்குத்தான் மதிப்பாம். கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் தொட்டால் உதைக்க ஒரு வாய்ப்பு மட்டும் கிடைக்குமாம். பிறகு விதியை மாற்றி மாற்றி, டச்டவுனின் மதிப்பு ஏறி உதையின் மதிப்பு இறங்கியதாம். நான் படித்தது நடுவழியில் நின்ற கணக்கு.

அழுகை வந்துவிட்டது. “எனக்கு இந்த ஆட்டமே தெரியாது, சேர்.”

“அது இரண்டாம் நிமிடமே தெரிந்தது. மரத்துக்குப் பின்னால் நின்று யாராவது புள்ளி எழுதுவார்களா? ஆனால் நான் விழுந்ததை மறைக்காமல் எழுதினீர்கள். திங்கட்கிழமை நேரத்துக்கு வாருங்கள்.”

வேலை நிரந்தரமானது. வீட்டில் கதையைச் சொன்னதில்தான் மானம் போனது. போன மாதம் என் பிறந்தநாளுக்கு வந்த ஒருவர் வயதைக் கேட்க, கொஞ்சம் குறைத்து “ஐம்பத்தைந்து” என்றேன்.

“அது எந்த வருசத்துப் புத்தகப்படி?” என்றார் அத்தான்.