தோசைமாவும் சாகாத செல்களும்

கெலுகோரில் இருந்த அந்தப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில், காலை எட்டு மணிக்கு யமுனா குடுவையைத் தூக்கிப் பார்த்தாள். தெளிந்த ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டிய திரவம் மஞ்சளாகிக் கலங்கிக் கிடந்தது.

"ஐயோ, போச்சு!"

கிருமி புகுந்துவிட்டது. எப்படி என்றும் அவளுக்குத் தெரியும். முந்தாநாள் தோசைமாவைக் கையால் கலக்கிவிட்டு, பஸ் அவசரத்தில் கையைக் குழாயில் பேருக்குக் காட்டிவிட்டு ஓடிவந்த மகராசி அவள்தானே! 'மாவு தொட்ட கையோடு உள்ளே வராதே' என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தவரே கூடத்தின் மூத்த உதவியாளர் சுஹானா அக்காதான். மருந்து அலமாரிச் சாவி அக்காவிடம். நகத்தைப் பார்த்தே ஆளைப் பிடித்துவிடுவார்.

குடுவையில் இருந்தவை சாதாரண செல்கள் அல்ல. ஆறு மாதமாக மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, அந்த மருந்துக்கே சாகாதபடி பழக்கிய புற்றுநோய்ச் செல்கள். செல்லுக்குள் ஓடும் எந்தச் சமிக்ஞையால் அவை பிழைக்கின்றன என்பதுதான் டாக்டர் சிதம்பரநாதனின் ஆராய்ச்சி. குடுவை கெட்டாலும் கைகொடுக்கும் என்று, கொஞ்சம் எடுத்து உறையவைக்கச் சொல்லியிருந்தார். அதையும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியிருந்தாள். அவளுடைய ஒப்பந்தமோ மாதக் கடைசியில் முடிகிறது.

அடுத்து அவள் செய்தது அசிங்கமான வேலை. கெட்டுப்போனதைக் கொட்டிவிட்டு, மருந்தையே பார்த்திராத சாதா செல்களை வேறு குடுவையில் விட்டு, பழைய பெயரை எழுதி ஒட்டினாள்.

மறுநாளே டாக்டர் வந்து நின்றார். "யமுனா, இன்னிக்கு மருந்து போட்டுப் பாத்துருவோம் லா."

"செல்லு கொஞ்சம் சோர்வா இருக்கு டாக்டர். அடுத்த வாரம்..."

டாக்டர் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். "சோர்வா? கொழுகொழுன்னு இருக்கேம்மா! ரெண்டு மடங்கு போடு!"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ரெண்டு மடங்கா?" என்று முனகிக்கொண்டே சுஹானா அக்கா மருந்தை அளந்து கொடுத்தார்.

மூன்று நாளும் யமுனா சரியாகச் சாப்பிடவில்லை. சாதா செல்கள் செத்து மிதக்கும், குட்டு உடையும் என்று காத்திருந்தாள். நான்காம் நாள் டாக்டர் துள்ளிக் குதித்தார்.

"ஒண்ணுகூட சாகல! எல்லாரும் வாங்க, இன்னிக்கு நாசி கண்டார் சோறு என் செலவு! கட்டுரையில யமுனா பேருதான் முதல்ல. காண்ட்ராக்டும் நீட்டச் சொல்லிட்டேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். யமுனா சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததோடு சரி. எப்படிப் பிழைத்தன என்று விளங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கைதட்டும் கன்னத்தில் அறைவதுபோல் இருந்தது. பொட்டலத்தை மூடிவிட்டு எழுந்து நின்றாள்.

"டாக்டர், மன்னிச்சிருங்க. அது உங்க செல்லு இல்ல. நான் மாவுக் கைய சரியா கழுவாம வந்ததால அது கெட்டுப்போச்சு. சாதா செல்ல மாத்தி வச்சு உங்கள ஏமாத்திட்டேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். டாக்டரின் முகம் கறுத்தது.

"சாதா செல்லா?" என்றார் மெதுவாக. "அப்ப ரெண்டு மடங்கு மருந்துல ஏன் சாகல?"

சுஹானா அக்கா சாவிக்கொத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"யமுனாவ மட்டும் ஏசாதீங்க டாக்டர். மருந்து பாட்டில் போன மாசமே என் கை தவறி ஒடஞ்சிருச்சு. அதுலேருந்து நான் அளந்து குடுக்குறது வெறும் உப்புத்தண்ணி."