மிளகாய்த்தூள் தடவிய ஸ்மால்மவுத் பாஸ்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் கோணல்மாணலாகத்தான் வரும். மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். என் மாப்பிள்ளையின் வாழ்க்கை லட்சியம், அணைக்குக் கீழே ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனைப் பிடிப்பது. மூன்று தடவை வெறுங்கையோடு வந்ததில் ஆபீஸே சிரித்தது. பிடித்த மீனை உயிரோடு போட்டோ எடுத்துவிட்டு ஆற்றிலேயே விட வேண்டுமாம். (விடுறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்?) இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்த மீன் விளையாட்டு இரண்டே: குழம்பு, வறுவல்.

நாலாம் தடவை, மீன் இருக்கும் இடம் காட்டப் படகோடு வரும் ஒரு கைடைப் பிடித்தார். மகளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி வந்துவிட, அவள் இடத்தில் என்னைப் படகில் ஏற்றினார்கள்.

“அத்தை, நீங்க ஜஸ்ட் உக்காருங்க. ஒண்ணும் பண்ண வேணாம்.”

மத்தியானம் ஒன்று மாட்டியது. முழங்கை நீளம். கல்யாண ஆல்பத்தில்கூட மாப்பிள்ளை அப்படிச் சிரித்ததில்லை. அதற்குள் அணையில் சங்கு ஊதியது. தண்ணீர் திறக்கப் போகிறார்கள். கரைக்குப் போய் போட்டோ எடுக்கலாம் என்று மீனை என் காலடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, இரண்டு பேரும் முன்பக்கம் நங்கூரத்தோடு மல்லுக்கட்டினார்கள்.

ஆம்பிளைகள் பாடுபடும்போது சும்மா உட்கார எனக்குக் கூச்சம். பக்கத்தில் கைடின் கத்தி. பையில் வெள்ளரிக்காய்க்குத் தொட்டுக்கொள்ள உப்பும் மிளகாய்த்தூளும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு வாய் வராது, கைதான் வரும். செதில், குடல் எடுத்து, கீறல் போட்டு, மசாலா தடவி, சோறு கட்டிய ஃபாயிலில் வைத்துவிட்டேன்.

கரையில் தொட்டியைத் திறந்தார்கள்.

“அத்தை, மீன் எங்க?”

“ரெடி மாப்பிள்ளை. வீட்டுக்குப் போய் எண்ணெயில போட்டா போதும்.”

மாப்பிள்ளை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். கைடு மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

“அத்தை, அத உயிரோட ரிலீஸ் பண்ணணும்,” என்றார் மாப்பிள்ளை.

“இப்ப விட்டா போகாதுங்களே,” என்றேன், உதவியாக.

கடைசியில் சிவப்பு மீனைத் தூக்கிப் பிடித்தே போட்டோ எடுத்தார்கள். ஆபீஸில் அதை மீன் கணக்கில் சேர்க்கவில்லையாம். இன்றைக்கும் கடையில் வாங்கிய மீன் பாக்கெட்டைக்கூட மாப்பிள்ளை நெஞ்சோடு பிடித்து, “அத்தை, ஒரு போட்டோ எடுத்துட்டு அப்புறம் வெட்டுங்க,” என்கிறார். வீடே சிரிக்கும்.

அன்றைய வறுவலில் மூன்று துண்டு சாப்பிட்டவரும் அவர்தான்.

மீன் பெயர், சங்கு ஊதிய நேரம் எல்லாம் சரியா என்று மகள் பார்த்துத் திருத்தட்டும். இரண்டு துண்டுதான் என்று மாப்பிள்ளை சொன்னால் மட்டும் கேட்க வேண்டாம்.